குறையாத செல்வமும் குறைகிற மண்ணும்

கல்வி கொடுக்கக் கொடுக்கக் குறையாது என்பது நம் மரபு சொல்லிவந்தவற்றில் ஆழமான ஒன்று. பங்கு பிரித்தால் சிறுத்துப்போகிற நிலம், நகை, தானியம் எல்லாவற்றிலிருந்தும் கல்வியைத் தனியே எடுத்துவைத்தது இந்தக் குணத்துக்காகத்தான். ஒரு பாடத்தை நாற்பது பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்த பிறகும் ஆசிரியரிடம் அந்தப் பாடம் முழுதாக இருக்கிறது. நூலகப் புத்தகம் ஒன்று நூறு கைகளுக்குப் போய்த் திரும்பினால் அட்டை நைந்துபோகும், முதுகுத் தையல் விடும். உள்ளே சொல்லியிருப்பது தேயாது. மணிமேகலை கையில் வந்த அமுதசுரபிக்கு இந்த உலகத்தில் நிகர் தேடினால் நூலகத்தைத்தான் காட்ட முடியும். ஆனால் அந்தப் புத்தகத்தை வைக்க எழுப்பும் கட்டடம் அமுதசுரபி இல்லை. ஆற்று மணல், கம்பி, சிமென்ட், தண்ணீர், மின்சாரம், நிலம் எல்லாமே எடுத்தால் குறைகிறவை. ஒருவர் எடுத்தது இன்னொருவருக்கு இல்லாமல் போகிறவை. குறையாத ஒன்றுக்குக் குறைகிற பொருள்களால் வீடு கட்ட வேண்டியிருக்கிறது. பொது நூலகம் பற்றிய அறக்கேள்வி இங்கேதான் பிறக்கிறது: அறிவுக்காகச் செய்கிற செலவுக்கு எல்லை உண்டா? உண்டு என்பதே என் வாதம். அந்த எல்லையை வெளியிலிருந்து யாரும் கொண்டுவந்து சுமத்த வேண்டியதில்லை. நூலகம் எதற்காக இருக்கிறதோ, அந்தக் காரணத்திலேயே அந்த எல்லையும் இருக்கிறது.

திருக்குறளில் ஒப்புரவறிதல் என்ற அதிகாரம் பொதுநலம் பேணுகிறவனின் செல்வத்துக்கு மூன்று உவமை தருகிறது. நீர் நிறைந்த ஊருணி, ஊர் நடுவே பழுத்த மரம், எல்லா உறுப்பும் மருந்தாகிற மரம். மூன்றும் உயிருள்ள நிலத்தோடு ஒட்டியவை என்பதைக் கவனிக்க வேண்டும். ஊருணி மழையை வாங்கி வைத்துக்கொண்டு கொடுக்கிறது. மரம் மண்ணிலிருந்து எடுத்ததை இலையாகவும் நிழலாகவும் திருப்பிப் போடுகிறது. வள்ளுவர் நினைத்திருந்தால் அள்ள அள்ளக் குறையாத பொற்கிழியை உவமை ஆக்கியிருக்கலாம். அவர் காட்டியதெல்லாம் இடத்திடம் வாங்கி இடத்துக்கே கொடுக்கிற பொருள்கள். பொதுக்கொடை என்பது தான் நிற்கிற மண்ணை வறளவைக்காமல் கொடுப்பது என்று இந்த உவமைகளிலிருந்து பொருள் கொள்வது வலிந்து சொல்வதாகாது. இதையே மறுபக்கத்திலிருந்து காட்டுகிற ஓர் உண்மை சென்னையில் இருக்கிறது. 1976-இல் திறக்கப்பட்ட வள்ளுவர் கோட்டம், நுங்கம்பாக்கம் ஏரி இருந்த இடத்தில் நிற்கிறது. 1330 குறளையும் கல்லில் பொறித்து வைத்திருக்கிறோம். அவற்றில் ஊருணியைச் சொல்கிற குறளும் இருக்கிறது. ஏரி போய்விட்டது, லேக் ஏரியா என்ற தெருப்பெயர் மட்டும் தங்கியிருக்கிறது. கட்டியவர்களுக்கு வள்ளுவர்மீது அன்பு இல்லை என்று யாரும் சொல்ல முடியாது. உயர்ந்த ஒன்றுக்காகச் செய்கிறோம் என்ற எண்ணம், எங்கே செய்கிறோம் என்ற கேள்வியை மறைத்துவிட்டது. வளர்கிற ஊர்களில் இது இன்றும் நடக்கிறது. புறநகர் ஒன்று பெருகும்போது, நூலகத்துக்கு இடம் தேடுகிறவர்களின் கண்ணில் முதலில் படுவது புறம்போக்கு. பழைய வருவாய்ப் பதிவைத் திருப்பினால் அந்தப் புறம்போக்கு பெரும்பாலும் ஒரு நீர்நிலையின் உள்வாயாகவோ ஓடைக்கரையாகவோ இருக்கும்.

நூலகம் யாருக்குக் கடன்பட்டது என்று கேட்டால் எல்லை எங்கே விழுகிறது என்பது துலங்கும். மனிதன் பிறக்கும்போதே கடனோடு பிறக்கிறான் என்கிறது சதபத பிராமணம்: தேவர்களுக்கு, ரிஷிகளுக்கு, முன்னோர்க்கு, சக மனிதர்க்கு. ரிஷிகளுக்குப் பட்ட கடனை வேள்வியாலோ பொன்னாலோ தீர்க்க முடியாது. கற்பதால்தான் தீர்க்க முடியும். வாங்கியதைக் கொடுத்தவரிடமே திருப்பித் தர வழியில்லாத கடன் இது; கொடுத்தவர் போய்விட்டார். அடுத்து வருகிறவரிடம் சேர்ப்பதுதான் திருப்பித் தருவது. சமணர்கள் இதையே கொடையாகச் சொன்னார்கள். அவர்களுடைய நான்கு தானங்களில் உணவு, மருந்து, அடைக்கலம் ஆகியவற்றோடு சாத்திர தானமும் ஒன்று. ஏட்டைப் படியெடுத்துக் கொடுப்பது பசித்தவனுக்குச் சோறு போடுவதற்கு இணையாக வைக்கப்பட்டது. அதே சமணம் இல்லறத்தார்க்கு வகுத்த நோன்புகளில் மிகுபொருள் விரும்பாமையும் இருக்கிறது. இரண்டும் ஒரே கையால் எழுதப்பட்டவை என்பது முக்கியம். நூலைக் கொடு என்று சொன்னவர்கள்தான் தேவைக்கு மேல் சேர்க்காதே என்றும் சொன்னார்கள். ஒரு தெருவில் நூறு வீட்டிலும் தனித்தனியாக வாங்க வேண்டிய புத்தகத்தை ஒன்றே ஒன்றாக வைத்து நூறு பேரும் படிக்கச் செய்கிற இடம் இந்த இரண்டு அறத்தையும் ஒருசேர நிறைவேற்றுகிறது. அப்படிப்பட்ட இடம், இன்னும் பிறக்காத வாசகன் குடிக்க வேண்டிய நிலத்தடி நீரையும் சுவாசிக்க வேண்டிய காற்றையும் இன்றைய வாசகனின் சௌகரியத்துக்காக எடுத்துக்கொண்டால், ஒரு கையால் கடனை அடைத்து மறுகையால் அவனிடமே கடன் வாங்குகிறது. சிமென்ட் உற்பத்தி மட்டும் உலகத்தின் கரியமில வாயு வெளியீட்டில் 7 முதல் 8 விழுக்காடு என்பதை நினைத்தால், இது வெறும் உவமை இல்லை, கணக்கு.

இந்தக் கணக்கைக் கொஞ்சம் கிட்டப் போய்ப் பார்க்கலாம், ஏனென்றால் அறம் பேசுகிற கட்டுரைகள் பொதுவாக இங்கேதான் நழுவிவிடுகின்றன. புத்தகம் கனமான பொருள். வீட்டு அறையின் தளத்துக்குக் கணக்கிடுகிற பாரத்தைப்போல் மூன்று மடங்கைப் புத்தக அடுக்கு அறைக்குக் கணக்கிட வேண்டும் என்று இந்தியக் கட்டுமான விதி சொல்கிறது. அடுக்கு அறையை ஐந்தாம் மாடிக்குக் கொண்டுபோனால் அந்தப் பாரம் முழுவதையும் தாங்கக் கீழே தூணும் அடித்தளமும் பருக்கின்றன. கம்பியும் சிமென்ட்டும் கூடுகின்றன. அடுக்குகளைத் தரையில் வைத்து, மேலே வாசிப்பு அறையை வைத்தாலே பொருள் மிச்சப்படும். அடுத்தது குளிர்சாதனம். சென்னை மாதிரி கடலோர ஊரில் பகலெல்லாம் ஏசி ஓடி, சாயங்காலம் நூலகம் மூடியதும் நிற்கிறது என்று வைத்துக்கொள்வோம். சுவரும் இரும்பு அலமாரியும் இன்னும் குளிர்ந்திருக்கும். கதவிடுக்கு வழியாக ஈரக்காற்று உள்ளே வந்து அந்தக் குளிர்ந்த பரப்பில் வேர்வையாகப் படியும். தாள் அந்த ஈரத்தை உறிஞ்சி உப்பும். மறுநாள் காலையில் ஏசி ஓடியதும் காய்ந்து சுருங்கும். தினமும் உப்பிச் சுருங்கினால் முதுகில் போட்ட பசை வெடிக்கும். காற்றின் ஈரப்பதம் 65 விழுக்காட்டைத் தாண்டியே நின்றால் பூசணம் பிடிக்கும். பாதி நேரம் ஓடுகிற ஏசி, ஏசியே இல்லாத காற்றோட்டமான அறையைவிடப் புத்தகத்துக்குக் கெடுதல். மின்சாரத்தையும் தின்று, காக்க வேண்டியதையும் தின்கிறது. பண்பாட்டுப் பொருள்களைப் பாதுகாக்கும் துறையின் சர்வதேச அமைப்புகளே 2014-இல் ஒரு கூட்டறிக்கையில், எல்லா நாட்டுக்கும் ஒரே இறுக்கமான வெப்பநிலையை வற்புறுத்தாமல் அந்தந்த இடத்தின் தட்பவெப்பத்தைக் கணக்கில் எடுக்கச் சொல்லிவிட்டன. மின்விசிறியே இல்லாத காலத்தில் இங்கே ஓலைச்சுவடிகள் சில நூற்றாண்டு தாக்குப்பிடித்தன என்றால் காரணம் இருக்கிறது. தடித்த சுவர், உயரமான கூரை, சுவடியை இறுக்கிக் கட்டிய துணி, இடையில் வைத்த வசம்பு. தஞ்சை சரசுவதி மகாலில் வசம்போடு கருஞ்சீரகம், கிராம்பு, மிளகு, பட்டை என்று இடித்துப் பொட்டலம் கட்டி வைக்கிற முறையைப் பார்த்தால் அஞ்சறைப் பெட்டியும் நூலகமும் ஒரே அறிவில் பிறந்தவை என்று தெரியும். ஆகவே அரிய சுவடிக்கும் பழம் பதிப்புக்கும் தடித்த சுவரோடு சின்ன அறை ஒன்றைக் கட்டி, அதில் மட்டும் இரவு பகல் நிறுத்தாமல் ஈரப்பதத்தைக் காக்கலாம். தேர்வு வழிகாட்டிக்கும் நாவலுக்கும் நாளிதழுக்கும் நிழலும் காற்றும் போதும். எதற்கு எவ்வளவு வேண்டும் என்று பிரித்தறிவதுதான் இங்கே அறம்.

லாரி பேக்கர் இதைக் கட்டிக் காட்டினார். இங்கிலாந்தின் பர்மிங்காமில் 1917-இல் பிறந்த அவர் குவேக்கர் சமயத்தவர். ஆடம்பரமற்ற எளிமையை வழிபாட்டின் பகுதியாகவே கருதுகிற கிறித்தவப் பிரிவு அது. போர்க்காலத்தில் சீனாவில் பணியாற்றிவிட்டு ஊர் திரும்பும் வழியில் மும்பையில் காந்தியைச் சந்தித்தார். ஒரு வீட்டைச் சுற்றி ஐந்து மைலுக்குள் கிடைக்கிற பொருள்களாலேயே அந்த வீட்டைக் கட்ட வேண்டும் என்று காந்தி சொன்னதைக் கடைசிவரை அவர் மறக்கவில்லை. திருவனந்தபுரம் வளர்ச்சி ஆய்வு மையத்தின் வளாகத்தை 1970-களில் கட்டியபோது அதன் நடுவில் செங்கல்லாலேயே நூலகக் கோபுரம் ஒன்றை எழுப்பினார். அவருடைய சுவர்களில் செங்கற்களுக்கு இடையே வரிசையாக இடைவெளி விட்டுக் கட்டும் சல்லடை வேலைப்பாடு உண்டு. நண்பகல் வெயில் முழுதாக உள்ளே விழாமல் உள்ளங்கையளவு துண்டுகளாகத் தரையில் விழும். காற்று அந்தத் துளைகளில் நெருங்கி வேகம் பிடித்து உள்ளே வரும். எலிப்பொறிக் கட்டு என்று கொத்தனார்கள் சொல்கிற முறையில், செங்கல்லை விளிம்பில் நிறுத்தி நடுவில் வெற்றிடம் விட்டுச் சுவர் எழுப்பினால் செங்கல் ஏறக்குறைய நாலில் ஒரு பங்கு மிச்சம். நடுவில் தங்கிய காற்று வெயிலையும் தடுக்கும். மழைச்சாரலும் தூசியும் இந்தத் துளைகள் வழியே வரத்தான் செய்யும், அதனால் அடுக்கு அறைக்கு இந்தச் சுவர் ஆகாது. வாசிக்கும் இடத்துக்கும் நடைக்கும் படிக்கட்டுக்கும் ஆகும். இங்கே எனக்கு முக்கியமாகப் படுவது செங்கல்லின் எண்ணிக்கையைவிட அதன் பின்னால் இருந்த நம்பிக்கை. குறைவாக எடுப்பது பேக்கருக்கு வறுமையின் நிர்ப்பந்தமாக இருக்கவில்லை. அது ஒரு வகை மரியாதை.

நூலகம் வளரும் உயிரி என்பது எஸ்.ஆர். ரங்கநாதன் 1931-இல் வெளியிட்ட ஐந்து விதிகளில் கடைசி விதி. சீர்காழியில் பிறந்து, மாநிலக் கல்லூரியில் கணிதம் கற்பித்து, 1924-இல் சென்னைப் பல்கலைக்கழகத்தின் நூலகரானவர் சொன்ன வாக்கியம் இது. பெரிய கட்டடம் கேட்கிறவர்கள் எல்லோரும் இந்த விதியைத்தான் துணைக்கு அழைப்பார்கள். மக்கள்தொகை வளர்கிறது, நூலகமும் வளர வேண்டும், ஆகவே இன்னும் பத்து மாடி என்று. ஆனால் அவர் எடுத்த சொல் உயிரி. உயிரி என்றைக்கும் உடம்பு பெருத்துக்கொண்டே போவதில்லை. குழந்தை வளர்வது ஒரு வளர்ச்சி. வளர்ந்த ஆள் பழைய உயிரணுக்களைக் கழித்துப் புதியவற்றை ஏற்றுக்கொண்டு அறிவிலும் உறவிலும் விரிவது இன்னொரு வளர்ச்சி. மரம் விதையால் பரவுவது மூன்றாவது. மூன்றாவதுக்கு ரங்கநாதனே சாட்சி. விதிகள் வெளியான அதே 1931-இல் மன்னார்குடி அருகே மேலவாசலில் எஸ்.வி. கனகசபை பிள்ளை ஏற்பாடு செய்த மாட்டுவண்டி நூலகத்தை அவர் தொடங்கிவைத்தார். இரண்டு மாடு, ஒரு மரப்பெட்டி, உள்ளே புத்தகம். அது ஊர் ஊராகப் போய் வாசகன் வீட்டு வாசலில் நின்றது. வாசகரின் நேரத்தை மிச்சப்படுத்து என்பது அவருடைய நான்காம் விதி. பத்துக் கிலோமீட்டர் பேருந்திலோ பைக்கிலோ போய்த் திரும்ப வேண்டிய மாபெரும் நூலகம் அந்த விதியையும் மீறுகிறது, அந்தப் போக்குவரத்தின் புகையையும் தன் கணக்கில் காட்டாமல் மறைக்கிறது. நடந்து போகிற தூரத்தில் நாலு கிளை என்றால், பத்து வயதுப் பிள்ளையும் முழங்கால் வலிக்கிற பாட்டியும் யாரையும் கேட்காமல் போய்வரலாம்.

இதற்கு ஒரு வலுவான மறுப்பு உண்டு, அதை லேசாகக் கடந்துபோவது நேர்மையில்லை. எளிமை, அடக்கம், போதும் என்ற மனம் என்று பேசுகிறவர்கள் பெரும்பாலும் ஏற்கெனவே எல்லாம் கிடைத்தவர்கள். தலைமுறை தலைமுறையாக எழுத்தைத் தொடக்கூடாதென்று தள்ளிவைக்கப்பட்டவர்களின் பிள்ளைகள் முதல்முறையாக ஒரு பளிங்குப் படியில் ஏறி, பெரிய கண்ணாடிக் கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே போகும்போது, இது அதிகம், ஓட்டுக் கூரை போதும் என்று சொல்வது எவ்வளவு கொடுமை. சிதம்பரத்திலும் திருவரங்கத்திலும் கோயிலுக்குள் சரசுவதி பண்டாரம் இருந்ததைக் கல்வெட்டுகள் சொல்கின்றன. அந்தக் கதவுகள் எல்லோருக்கும் திறக்கவில்லை என்பதையும் நாம் அறிவோம். வசம்பு வைத்துக் காத்த சுவடி யாருடைய கைக்குப் போகக்கூடாது என்பதிலும் அந்த மரபு கவனமாகத்தான் இருந்தது. நான் மேலே புகழ்ந்த மரபின் மீதே இந்த மறுப்பு கைவைக்கிறது, அதில் நியாயம் இருக்கிறது. கோட்டூர்புரத்தில் 2010-இல் திறந்த அண்ணா நூற்றாண்டு நூலகத்தை 2011-இல் மருத்துவமனையாக்கப் போவதாக அறிவிப்பு வந்தபோது வாசகர்கள் நீதிமன்றம் வரை போய் நின்றது அதன் கண்ணியம் தங்களுடையது என்று உணர்ந்ததால். யாழ்ப்பாணப் பொதுநூலகம் 1981-இல் ஏறக்குறைய 97,000 நூல்களோடு எரிந்ததைத் தமிழர்கள் ஒரு கட்டடம் எரிந்ததாகவா நினைக்கிறார்கள்? ஆகவே நூலகத்துக்கு அழகும் கம்பீரமும் வேண்டும் என்பதை முழுமனதோடு ஒப்புக்கொள்கிறேன். மதுரையில் 2023-இல் திறந்த நூலகத்தைப் பார்த்து மற்ற ஊர்களும் கேட்பது இயல்பான ஆசை. ஆனால் கம்பீரம் எதில் இருக்கிறது என்ற கேள்வி மிச்சம் இருக்கிறது. அண்ணா நூலகமே பசுமைக் கட்டடங்களுக்கான லீட் தங்கச் சான்று பெற்ற கட்டடம். பெருமைக்கும் பொறுப்புக்கும் பகை இல்லை என்பதற்கு அதுவே ஒரு சான்று. இன்னொன்றும் சொல்ல வேண்டும். கோடையில் தண்ணீர் லாரிக்குக் குடத்தோடு காத்து நிற்பதும், மழையில் ஏரி உடைந்து வீட்டுக்குள் வருவதும், மறுக்கப்பட்டவர்களின் தெருவில்தான் முதலில் நடக்கின்றன. ஏரியைத் தூர்த்து அவர்களுக்கு ஒரு நூலகம் கட்டினால், கொடுத்ததைவிட எடுத்தது அதிகம். அடக்கத்தை அவர்களிடம் யாரும் கேட்கவில்லை. கட்டுகிறவர்களிடம், வரைபடம் போடுகிறவர்களிடம், ஒப்பந்தம் கொடுக்கிறவர்களிடம் கேட்கிறோம்.

எல்லாம் கைப்பேசியில் வந்துவிட்ட பிறகு கட்டடமே எதற்கு, அதைவிடப் பசுமையான நூலகம் உண்டா என்று கேட்பவர்களும் உண்டு. திரையும் எங்கோ ஒரு கிடங்கில் ஓடுகிற கணினிகளின் மின்சாரத்தையும் குளிர்நீரையும் நம்பித்தான் இருக்கிறது என்பது ஒரு பதில், ஆனால் அது சின்னப் பதில். பெரிய பதில் எந்தக் கிளை நூலகத்திலும் காலையில் கிடைக்கும். ஒரே அறையில் ஐந்து பேர் வாழ்கிற வீட்டிலிருந்து, டிபன் டப்பாவோடு வந்து, டிஎன்பிஎஸ்சி வழிகாட்டியை விரித்து வைத்துக்கொண்டு சாயங்காலம் வரை உட்கார்ந்திருக்கிற இளைஞர்களுக்கு வேண்டியது தரவு மட்டுமா? மேசை, அமைதி, பக்கத்தில் இன்னொருவர் படித்துக்கொண்டிருக்கிற துணை. இவை பதிவிறக்கம் ஆகாது.

சமயச் சொற்களைப் பொதுக் கட்டடத்துக்குள் ஏன் இழுக்க வேண்டும் என்பது கடைசி மறுப்பு. நூலகம் அரசினுடையது, அதில் எந்தச் சமயத்தின் சட்டமும் செல்லக்கூடாது என்பதில் எனக்கும் மாற்றுக் கருத்து இல்லை. ஆனால் பசுமைச் சான்று எத்தனை புள்ளி கொடுக்கும் என்பதை மட்டும் வைத்துப் பேசினால், புள்ளி கிடைக்காத நல்ல காரியத்தை யாரும் செய்யமாட்டார்கள். இருக்கிற வேப்பமரத்தை வெட்டாமல் கட்டடத்தை இரண்டு மீட்டர் தள்ளிப் போட எந்தப் படிவமும் கட்டாயப்படுத்தாது. அதைச் செய்யவைப்பது கடன் என்ற உணர்வு. அந்த உணர்வுக்கு வேதத்திலும் சமணத்திலும் குறளிலும் குவேக்கரின் எளிமையிலும் தனித்தனிப் பெயர்கள் இருக்கின்றன. கடவுளை நம்பாதவர் அதைத் தலைமுறைகளுக்கிடையே நீதி என்று சொல்வார். எந்தப் பெயரில் வந்தாலும் மரம் நிற்கும்.

கணக்கைக் கடைசிவரை நேர்மையாகப் போட்டால் அது புதுக் கட்டடத்தில் போய் முடிவதில்லை. 1948-ஆம் ஆண்டின் சென்னைப் பொது நூலகச் சட்டம் இந்தியாவில் விடுதலைக்குப் பின் வந்த முதல் பொது நூலகச் சட்டம். அதன்படி இன்றும் சொத்து வரியோடு சேர்த்து நூலக வரி கட்டுகிறோம். அந்தப் பணத்தில் எழுந்த நாலாயிரத்துக்கும் மேற்பட்ட நூலகங்களில் பல பகுதிநேரமாக, நாளில் சில மணி நேரமே திறக்கின்றன. அவற்றின் மணலும் சிமென்ட்டும் செங்கல்லும் ஏற்கெனவே செலவாகிவிட்டன. அந்தக் கடனைப் பூமியிடம் எப்போதோ வாங்கியாகிவிட்டது. பூட்டிய கதவுக்குப் பின்னால் நாளின் பெரும்பகுதி அந்தக் கடன் சும்மா கிடக்கிறது. ஊர் வளர்ந்துவிட்டது, வாசகர் பெருகிவிட்டார்கள் என்று கோப்பு எழுதும்போது, அதன் முதல் பக்கத்தில் நிலம் எத்தனை ஏக்கர் என்பதற்கு முன்னால் எழுத வேண்டியது ஒன்று உண்டு. இருக்கிற கிளைக்கு இன்னும் ஒரு நூலகர், கூரைத் தண்ணீரைக் கிணற்றுக்குக் கொண்டுபோக ஒரு குழாய், மேற்குச் சுவரோரம் ஒரு புங்கமரம், இரவு எட்டு மணி வரை திறந்த கதவு.